சிட்டம்மா எனக்கு வைக்கும் ஒப்பாரி

நெற்றியில் என்ன என்றுதானே பார்க்கிறீர்கள்? காசு. ஒரு ரூபாய்க் காசு. எடுக்க மறந்துவிட்டேன். சந்தனம் காய்ந்தால் இப்படித்தான், தோலோடு பிடித்துக்கொள்ளும். இருங்கள், உரித்துவிடுகிறேன்.

பயப்படாதீர்கள் தம்பி. கிறுக்கு இல்லை. வேண்டுதலும் இல்லை. நான் காலையில் செத்துப்போனேன், அவ்வளவுதான். நேற்றும் செத்தேன். எதிரில் அந்த நீலக் கதவு வீடு தெரிகிறதா? அது என் வீடு. என்னை எடுத்தாயிற்று. பிணத்தை எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிடுவார்கள் இல்லையா, அதுபோல என் மகள் வர்ணம் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவாள். ஊற்றினால் அவள் அம்மா சாப்பிட்டுவிட்டாள் என்று அர்த்தம். அதுவரைக்கும் நான் இந்த பஸ் ஸ்டாப்பில்தான் இருக்க வேண்டும்.

வேடசந்தூர் பஸ்ஸா? வரும். அவன் என்றைக்கு நேரத்துக்கு வந்தான்? உட்காருங்கள்.

டீ வேண்டுமானால் நீங்கள் போய்க் குடித்துவிட்டு வாருங்கள், நான் அந்தக் கடைக்கு வர மாட்டேன். பால்ச்சாமி கடை. போன வாரம் பத்துப் பேர் இருக்கும்போது கேட்கிறான், "என்னண்ணே, இன்னிக்கு எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்பன் செத்தபோது பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவன் நான். மறந்துவிட்டான். நான் மறக்க மாட்டேன். எனக்கு யார் என்ன சொன்னாலும் மறக்காது. எங்கள் வீட்டில் மறதி எல்லாம் என் பெண்டாட்டிக்கு, ஞாபகம் எல்லாம் எனக்கு. அப்படிப் பங்கு பிரித்துவிட்டான் சாமி.

என் பெயர் தவசி. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினேன். பிடரியில் இந்தக் கட்டியைப் பாருங்கள், அது வியாதி இல்லை, மூட்டை உட்கார்ந்த இடம். படிப்பு இல்லை. ஆனால் பெண்டாட்டியை ஒரு நாள் கூலி வேலைக்கு அனுப்பியதில்லை. கோயில், கல்யாணம், இழவு எதற்கும் தனியாக அனுப்பியதில்லை. கூடவே போவேன், கூடவே கூட்டி வருவேன். அப்படி வைத்திருந்தேன். சிட்டம்மாவும் வாயாடி கிடையாது. எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு நோய் வருமா?

முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். திட்டினேன். அப்புறம் ரேஷன் கடைக்குப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் ரயில்வே கேட்டில் நின்றாள். அதற்கும் திட்டினேன். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள், "அண்ணே, நீங்க எந்த ஊரு?"

கட்டின புருஷனை அண்ணன் என்கிறாள் தம்பி. சோறு இறங்குமா?

வர்ணம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். புருஷன் வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கிறாள், மில்லில் லீவு போட்டுப் போட்டு அவள் முகமே கறுத்துவிட்டது. டாக்டர் மூளை சுருங்குகிறது என்றார். மாத்திரை எழுதினார். மாத்திரையோடு நிறுத்தியிருக்கலாம். "பின்பக்க ஹால்ல வாராவாரம் பாட்டு வச்சு ஒரு சிகிச்சை நடக்குது, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பாட்டு டீச்சர் பெயர் ஹெப்சிபா. சின்னப் பெண். என் மகளைவிடச் சின்னது. ஒரு கஞ்சிராவும் ஒரு கீபோர்டும் வைத்திருக்கும். எங்களைப் போல, வீட்டில் ஒருத்தருக்கு ஆள் மறந்துபோன ஏழெட்டுக் குடும்பம் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒரு பழைய ஹெட்மாஸ்டர் இருந்தார், அவருக்குத் தன் வேட்டியே எது என்று தெரியாது, ஆனால் அந்தப் பெண் பள்ளிக்கூடப் பிரார்த்தனையை எடுத்துக் கொடுத்ததும் எழுந்து விறைப்பாக நின்று கடைசி வரி வரைக்கும் பாடினார். அவர் சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறது. எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். சிட்டம்மாவும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட மாட்டாளா என்று.

"அய்யா, அம்மாவுக்குச் சின்ன வயசுல என்ன பாட்டு புடிக்கும்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டது.

"பாட்டா? அவளுக்குப் பாட்டே தெரியாதும்மா" என்றேன்.

விட்டிருக்கலாம். விடவில்லை. தாலாட்டு பாடிப் பார்த்தது. கும்மி பாடிப் பார்த்தது. நடவுப் பாட்டு பாடிப் பார்த்தது. சிட்டம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது என் மகள் வாயைத் திறந்தாள். "எங்கம்மா ஒப்பாரி ரொம்ப நல்லா வைக்குமாம் டீச்சர். எங்க பெரியம்மா சொல்லும். நான் கேட்டதில்ல."

இவளுக்கு ஏன் இந்த வேலை? முறைத்தேன். அந்தப் பெண் யோசிக்கக்கூட இல்லை. கீபோர்டை மூடிவிட்டு, சிட்டம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வார்த்தை இல்லாமல் மூக்காலேயே மெதுவாக அந்த இழுவையை இழுத்தது. ஒரே இழுவைதான். சிட்டம்மா திரும்பினாள். அந்தப் பெண்ணின் கழுத்தில் கையைப் போட்டாள். தலையோடு தலையைச் சேர்த்தாள்.

முத்து அளந்த கையி
முடங்கிக் கிடக்குதய்யா
பொட்டு வச்ச நெத்தியில
பொழுது அடைஞ்சதய்யா

குரல் தம்பி, குரல். எங்கே வைத்திருந்தாளோ அதை. ஹால் முழுக்க நிறைந்துவிட்டது. கோணல்மாணலாக உட்கார்ந்திருந்த கிழடுகள் எல்லாம் நிமிர்ந்தன. ஒரு பாட்டியம்மா எழுந்து வந்து இவள் தோளில் கை போட்டுச் சேர்ந்துகொண்டது. எல்லோரும் அழுகிறார்கள், ஹெட்மாஸ்டர் அழுகிறார். நான் ஒருத்தன்தான் அழவில்லை. எனக்கு அர்த்தம் தெரியும். பெற்றவனுக்கு அழுகிற பாட்டு வேறு, பிள்ளைக்கு அழுகிறது வேறு. பொட்டோ தாலியோ வந்தால் அது புருஷனுக்கு. நான் எதிரில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அவள் எனக்கு ஒப்பாரி வைக்கிறாள்.

சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள் எங்கள் பக்கம். நடந்துவிடும் என்பார்கள். "நிறுத்தும்மா" என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண் கையைக் காட்டி, "முடிக்கட்டும் அய்யா" என்கிறது. என் சாவை நான் முடிக்க விட வேண்டுமாம்! சிட்டம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சும்மா இருந்தாளா? அறை அறையாகத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "எங்க கிடத்தியிருக்கீங்க? எங்க வீட்டுக்காரரை எங்க கிடத்தியிருக்கீங்க?" என்னிடமே கேட்கிறாள். "நான்தான்டி உன் வீட்டுக்காரன்" என்றேன். "அண்ணே, இழவு வீட்டுல வந்து வெளையாடாதீங்க" என்றாள். சோறு வைத்தால் தட்டைத் தள்ளினாள். "பொணம் கிடக்குற வீட்டுல அடுப்பு எரியலாமா? சோத்துல கை வைக்கலாமா?" நியாயம்தானே? இல்லாத பிணத்தை எடுத்தால்தான் அவள் சாப்பிடுவாள். குளுக்கோஸ் ஏற்றினோம். கை குச்சி மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பெண் வீடு தேடி வந்தது. சேர் போட்டும் உட்காராமல் தரையில் உட்கார்ந்தது. "பாதியில நிறுத்துனதுல உள்ளேயே நிக்குது அய்யா. அவங்க அழுது முடிக்கணும்" என்றது. நான், "உசுரோட இருக்குறவனுக்கு என்னம்மா ஒப்பாரி? உங்க வீட்டுல வைப்பீங்களா?" என்று கேட்டேன். முகம் சுண்டிப்போனது. கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டது. "பார்த்துக்குறவங்களுக்கும் சனிக்கிழமை தனியா ஒரு கூட்டம் இருக்கு. சேர்ந்து பாடுவோம், பேசுவோம். நீங்க வாங்களேன். இதுக்கெல்லாம் நீங்க அழுதீங்களா அய்யா?" என்று.

"எனக்கு எதுக்கு அழுகை? போயிட்டு வாம்மா. வரவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். வர்ணம் போனாள் அந்தச் சனிக்கிழமைக்கு. போய் வந்தவள் கண் வீங்கியிருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். அது வேறு கதை.

நான் படுத்தது திட்டம் போட்டு இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண் சொல்லித்தான் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒரு நாள் இடுப்பு வலி. நடு வீட்டில் வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினேன். சிட்டம்மா அறையிலிருந்து வந்தாள். "இங்கயா கிடத்தியிருக்கீங்க!" என்றாள். தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவள் கை என் தலைமுடியைக் கோதியது. அவள் என்னைத் தொட்டு எவ்வளவோ நாள் ஆகிவிட்டது தம்பி. அண்ணன்காரனைத் தொடுவாளா? அதனால் அப்படியே கிடந்தேன்.

பாடினாள். முழுசாகப் பாடினாள். முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, நேரமாச்சு, எடுங்க" என்றாள். வர்ணம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் காதில், "அப்பா, எந்திரிச்சு வெளிய போங்க" என்றாள். சிட்டம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வர மாட்டார்கள் இல்லையா, அதுபோல. நான் எழுந்து வெளியே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே வாளிச் சத்தம். வர்ணம் வாசல் கழுவினாள். சிட்டம்மா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். சும்மா படுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள். எல்லாம் முறையாக இருக்க வேண்டும். "தெக்கே தலை வைங்க." வைத்தோம். "நெத்திக் காசு எங்க?" வைத்தோம். "கால் கட்டைவிரலைக் கட்டலையே, யாருக்கும் ஒரு முறை தெரியலையே" என்று அவளே துணி கிழித்துக் கட்டினாள். ஒரு நாள் அவிழ்க்க மறந்து எழுந்தேன், தடாலென்று விழுந்தேன். வர்ணம் சிரித்தாள், நானும் சிரித்தேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த சிட்டம்மா, "பார்த்துத் தூக்குங்கப்பா, கனத்த உடம்பு" என்றாள்.

அப்புறம் நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்தவன் மாதிரி உள்ளே போவேன். அது வர்ணத்தின் யோசனை. வேறு எப்படி என் வீட்டுக்குள் நான் போவது? சிட்டம்மா தலையை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

"வாங்கண்ணே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட மூட்டை தூக்குனவன் தாயி."

"உக்காருங்க."

உட்கார்ந்து துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். பிறகு கேட்பேன், "எப்படிப்பட்ட மனுசன்?" "நல்ல மனுசன்" என்பாள். எல்லா இழவு வீட்டிலும் சொல்வதுதான். விட மாட்டேன். "உங்கிட்ட எப்படி இருந்தாரு?" என்பேன். "போனவரைப் பத்தி இப்ப என்னண்ணே பேசிக்கிட்டு. செத்தவங்களைக் குறை சொல்லக் கூடாது" என்பாள். பார்த்தீர்களா? குறை ஒன்றும் இல்லை என்கிறாள். அப்படி வைத்திருந்தேன்.

ஆனால் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை உங்களிடம் சொல்கிறேன். தினமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேனே, அந்தப் பாட்டில் நான் இல்லை. பல்லக்கு வருகிறது, பன்னீர் வருகிறது, ஏழு கட்டு மாளிகை வருகிறது. முத்து அளந்த கையாம். நான் எங்கே முத்து அளந்தேன்? வெங்காயம் அள்ளினேன். எவனோ ஒரு மகராசாவுக்கு அவள் அழுகிறாள், நான் அவனுக்குப் பதிலாகப் படுத்துக் கிடக்கிறேன். ஒரே ஒரு வரி, இந்தத் தவசியைப் பற்றி ஒரு வரி வந்துவிட்டால் போதும், உள்ளே எங்கேயோ என்னை வைத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அதற்காகவே தினமும் படுக்கிறேன். சாப்பாட்டுக்காக என்று வர்ணத்திடம் சொல்லிக்கொள்கிறேன்.

இன்றைக்கு வந்தது தம்பி.

மூட்டை சுமந்த தோளு
முறிஞ்சு விழுந்ததய்யா

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மூட்டை என்கிறாள்! தோள் என்கிறாள்! கை என் பிடரிக்குப் போய் இந்தக் கட்டியைத் தடவுகிறது. எந்த மகராசாவுக்கு இந்தக் கட்டி உண்டு? நான்தான். என்னைத்தான். அடுத்த வரியை எடுத்தாள்.

ஆத்தா கிடந்த அன்னிக்கு
அழுத வாயப் பொத்தினியே
பொத்தின கையி...

அதோடு நிறுத்திவிட்டாள்.

அது ஒன்றும் இல்லை. என்னவென்று சொல்கிறேன். கல்யாணமான மறு வருஷம் அவள் அம்மா இறந்துபோனது. இவள் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். ஊரே வேலையை விட்டுவிட்டுக் கேட்கிறது. மண்டியிலிருந்து என் கூட்டாளிகள் மாலையோடு வந்து நிற்கிறார்கள். இவள் அம்மாவிடம் சொல்வது போல என் வீட்டுச் சங்கதியை எல்லாம் பாட்டில் வைத்து இழுக்கிறாள். என் அம்மா கொடுத்த கஞ்சி, நான் வாங்கித் தராத பூ, அடித்தது, வைதது எல்லாம். ஒருத்தன் சிரித்தான். "டேய் தவசி, உன் வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறுதுடா" என்றான். எனக்கு எப்படி இருக்கும்? கூட்டத்துக்குள் போய் வாயைப் பொத்தினேன். பொத்தினேன், அவ்வளவுதான். அடிக்கவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு அவள் அழவே இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நல்லபடியாக எடுத்தோம். இனிமேல் எங்கேயும் பாடாதே என்று நான் சொல்லவே இல்லை தம்பி. அவளாகத்தான் விட்டுவிட்டாள். அதற்கு நான் என்ன செய்வது?

போகட்டும். அதைச் சொல்ல வரவில்லை. என்னை நினைத்தாள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். பெற்ற மகளை மறந்துவிட்டாள், தன் பெயரை மறந்துவிட்டாள், என் கையை மறக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிணத்தின் கண்ணில் நீர் வரலாமா? வந்துவிட்டது. காதுப்பக்கம் வழிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பாட்டு நின்றது. நான் கண்ணைக் கொஞ்சம் திறந்து பார்க்கிறேன், தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழுத்தி. விரல் பதிகிற மாதிரி.

வர்ணம் கெஞ்சினாள். "பாடும்மா, பாடி முடிம்மா." தலையை ஆட்டுகிறாள், கையை எடுக்கவில்லை. "எடுங்க" என்றும் சொல்லவில்லை. வர்ணம்தான், "நீங்க போங்கப்பா, பார்ப்போம்" என்று என்னை அனுப்பினாள். வந்து உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆகிறது, வாசல் காய்ந்து கிடக்கிறது பாருங்கள். ஒப்பாரி முடியவில்லை. முடியாமல் சாப்பிட மாட்டாள். குளுக்கோஸ் ஊசி போட அவள் கையில் இனி இடமும் கிடையாது.

டீச்சரைக் கூப்பிடலாமே என்கிறீர்களா? வர வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது? பால்ச்சாமியைக் கூப்பிட்டால் சிரிப்பான்.

தம்பி, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இழவு வீட்டில் அழுகை ஓய்ந்துபோய்க் கிடக்கும். அசலூரிலிருந்து யாராவது ஒருத்தர் வந்து வாசலில் நின்றால், அவரைப் பார்த்ததும் பொம்பளைகள் புதிதாக ஒப்பாரி எடுப்பார்கள். புது ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு எட்டு வருகிறீர்களா? வேடசந்தூருக்கு அடுத்த பஸ்ஸும் உண்டு.

வந்து நிலைப்படியில் நின்றால் போதும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பாள். வெங்காய மண்டியிலிருந்து வருகிறேன் என்று சொல்லுங்கள். மண்டி என்றே சொல்லுங்கள். பிறகு, தவசி சாகும்போது உங்களிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனான் என்று சொல்லுங்கள். சிட்டம்மா வாய்விட்டு அழட்டும், என்ன வேண்டுமானாலும் வைத்து அழட்டும், யாரும் தடுக்கக் கூடாது, அவள் அம்மாவுக்குப் பாக்கி இருப்பதையும் சேர்த்து அழட்டும் என்று சொன்னதாகச் சொல்லுங்கள். நான் சொல்ல முடியாது, பிணம் பேசுமா? அவள் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் இதெல்லாம், வேறு விதமாக நினைக்காதீர்கள்.

அவள் பாட ஆரம்பித்ததும் நீங்கள் கிளம்பலாம். இழவு வீடு, போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பேசாமல் இறங்கி நடந்துவிடுங்கள்.

எடுத்த பிணம் திரும்ப வாசல் ஏறக் கூடாது என்பார்கள். ஏறித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் பொறுத்து வாருங்கள் தம்பி. நான் முன்னால் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.